நிம்மதிக்கு என்ன அடையாளம்?

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் அமர்விலேயே ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “உங்களுக்கு என்னென்ன வேண்டும், எழுதுங்கள்” என்று சொல்வது என் வழக்கம். பத்து நிமிடம் அவகாசம். பேசச் சொன்னால் மடைதிறந்தாற்போல் பேசுகிறவர்கள்கூட எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நாற்பதைக் கடந்த ஒருவர் ஆறு வரிகள் எழுதிக் கொடுத்தார். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகன் நன்றாகப் படிக்க வேண்டும். மகளின் கூச்சம் போக வேண்டும். மேலதிகாரி மாற்றலாகிப் போக வேண்டும். தம்பி குடியை விட வேண்டும். மனைவி தன்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறாவது வரியில் ஒரே ஒரு சொல்: நிம்மதி.

முதல் ஐந்தும் மற்றவர்கள் செய்ய வேண்டியவை. அவருக்கென்று மிஞ்சியது அந்த ஒற்றைச் சொல்தான். “நிம்மதி வந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?” என்று கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு படபடக்காது, டாக்டர்” என்றார். (நான் மருத்துவர் இல்லை, உளவியல் ஆலோசகர். எத்தனை முறை திருத்தினாலும் யாரும் கேட்பதில்லை.)

அந்த வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நிம்மதி என்பது ஆசை, இலக்கு அல்ல; அதைப் பிடித்து இழுக்க ஒரு நுனியும் கிடையாது. இரவு போன் அடிப்பதைப் பற்றி ஏதாவது செய்ய முடியும்.

இலக்கு வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழக மாணவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே இலக்குகளை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மீதி 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட இவர்களின் சொத்து அதிகமாம். பயிற்சிக் காலத்தில் நானும் இதை நம்பி நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

உண்மையில் நடந்த ஆய்வுகள் இவ்வளவு பளபளப்பானவை அல்ல, ஆனால் பயனுள்ளவை. எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் எளிமையானது: ‘முடிந்தவரை செய்’ என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். பின்னர் கேரி லேதம் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்துகொண்டார். எனக்குப் பிடித்தது 1975இல் வெளியான லாரி ஓட்டுநர்கள் ஆய்வு. வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பும் ஓட்டுநர்களிடம் ‘முடிந்தவரை ஏற்றுங்கள்’ என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. ‘94 சதவீதம் ஏற்றுங்கள்’ என்று ஓர் எண்ணைச் சொன்னதும் சுமை 90 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் கூட்டப்படவில்லை. பாராட்டு மட்டும் கிடைத்தது.

‘முடிந்தவரை’ என்ற சொல்லை என் அறையில் நாள்தோறும் கேட்கிறேன். முடிந்தவரை கோபப்படாமல் இருக்கிறேன், முடிந்தவரை நடக்கிறேன், முடிந்தவரை படிக்கிறேன். கேட்க அடக்கமாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைவாகச் செய்தாலும் அது ‘முடிந்த வரை’தான் ஆகிறது, தவறியதே தெரியாது. தவறியது தெரியாவிட்டால் திருத்தவும் தெரியாது.

அடுத்த அமர்வில் அந்த ஆறாவது வரியை அடித்துவிட்டு இருவரும் சேர்ந்து வேறொன்று எழுதினோம்: ‘இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் போனைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போவேன்.’ இவ்வளவு சின்னதா என்று அவர் முகம் சுருங்கியது. சின்னதாக இருப்பது மட்டும் இதன் சிறப்பில்லை. எப்போது, எங்கே, எதைத் தொடர்ந்து என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த வகைத் திட்டத்தைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். அதை ஒட்டி 2002இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்ய மாணவர்களைத் தூண்டிப் பார்த்தார்கள். ஊக்கமூட்டும் தகவல் எதுவும் தரப்படாதவர்களில் 38 சதவீதத்தினர் செய்தார்கள். ஊக்கமூட்டும் தகவல்களைப் படித்தவர்களில் 35 சதவீதத்தினர். அதே தகவல்களைப் படித்து, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதத்தினர். ஊக்கப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி உட்கார்ந்துவிடுகிறவர்கள் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த ஆய்வில் ஊக்கம் மட்டும் கூடுதலாக யாரையும் எழுப்பிவிடவில்லை.

நம்மவரின் முதல் வாரம் தோல்வி. மூன்றாம் நாள் மேலதிகாரி அழைத்தார், இவர் ஓடிப்போய் எடுத்தார், விடியும்வரை தூக்கமில்லை. “எனக்கு மன உறுதியே இல்லை” என்று வந்து நின்றார். ‘அவசரமில்லாத விஷயங்களைக் காலையில் பேசிக்கொள்ளலாமா சார்’ என்று மேலதிகாரியிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா என்றேன். பதினோரு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. இலக்கு என்று ஒன்று எழுதப்பட்ட பிறகுதான் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. இலக்கால் கிடைக்கும் பெரிய லாபமாக நான் கருதுவது இதைத்தான்: எதற்கு ‘முடியாது’ சொல்வது என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதும் கைவிட வேண்டிய நம்பிக்கை. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக வரத் தொடங்க நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள். சிலருக்கு 254 நாட்கள் ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்து வருகிறவர்களுக்கு இந்த எண்களை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ஒருவர் சொல்லும் இலக்கு அவருடையதுதானா என்பது தனிக் கேள்வி. ஒரே போட்டித் தேர்வை ஐந்தாம் முறை எழுதிவிட்டு வந்த ஓர் இளம்பெண்ணிடம், “இதில் நீ தேறியதை யாரிடமும் சொல்ல முடியாது, அப்பாவுக்குக்கூடத் தெரியாது என்று வைத்துக்கொள். அப்போதும் வேண்டுமாம்மா?” என்று கேட்டேன். பதிலுக்கு அழுகைதான் வந்தது. கைக்கு எட்டாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. விடாமுயற்சியைப் புகழ நமக்கு ஆயிரம் சொற்கள் உண்டு. விடுவதற்கு ‘தோல்வி’ ஒன்றுதான் இருக்கிறது. அதனாலேயே பலர் வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் அப்படியே கிடக்கிறார் என்றால், அவருக்கு இலக்கில்லை என்று பாடம் எடுக்காதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிகிச்சையிலும் இலக்குகள் உண்டு. எழுந்து முகம் கழுவுவது, வாசல்வரை நடப்பது என்ற அளவில் தொடங்கும்.

நான்காவது அமர்வுக்கு நம்மவர் வந்தபோது, அலமாரிக் கணக்கில் ஏழு நாட்களில் ஆறு நாட்கள் டிக் அடித்திருந்தார். மேலதிகாரி மாறவில்லை, தம்பி குடியை விடவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. என் கண் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்கே அலமாரி எங்கே இருக்கிறது, டாக்டர்?” என்றார்.