தரிசனம்: கொள்கையா, காட்சியா?

திரை விலகிக் குருக்கள் கற்பூரத் தட்டை உயர்த்தியதும், தூணுக்குப் பின்னால் நிற்பவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து எட்டிப் பார்ப்பார்கள். வெளியே வந்து ‘நல்ல தரிசனம்’ என்பார்கள். இச்சொல்லின் வடமொழி வேர் ‘த்ருச்’; பார்த்தல் என்று பொருள். வாசலில் பூசணிக்காய் கட்டிக் கழிக்கிறோமே, அந்தத் திருஷ்டியும் இதே வேரில் முளைத்ததுதான். அதற்குத் தமிழில் கண்ணேறு என்ற அழகான சொல் இருக்கிறது.

நியாயம், வைசேஷிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய ஆறு தத்துவ நெறிகளுக்கும் தரிசனங்கள் என்றே பெயர். இதை ‘ஆறு மதக் கொள்கைகள்’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. கொள்கை, பிடித்துக்கொண்டது. தரிசனம், தேடிக் கண்டது. படைத்த இறைவனை ஏற்காத பழைய சாங்கியத்துக்கும் மீமாம்சைக்கும்கூட இந்த ஆறில் இடம் உண்டு. 14ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான ‘சர்வதர்சன சங்கிரகம்’ தரிசனங்களை வரிசைப்படுத்தும்போது, வேதத்தையே மறுக்கும் சார்வாகத்திலிருந்து தொடங்குகிறது. வேதம் மட்டும் என்ன? ரிக் வேதம் 10ஆம் மண்டலத்தின் 129ஆம் பாடல் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. மேலிருந்து காண்பவன் அறிவான், ஒருவேளை அவனும் அறியானோ என்று விடை சொல்லாமலே முடிந்துவிடுகிறது. படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிற இடம் இது.

தரிசனங்களுக்குள் வாதம் கடுமையாகவே நடந்தது. ஆனால் மாற்றான் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். சைவ சித்தாந்த ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் நெறியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் நெறிகளுக்கென்றே பரபக்கம் பாடினார். அங்கே முதலில் வந்து பேசுகிறவன் உலகாயதன், அதாவது அதே சார்வாகன்.

தரிசனத்துக்கு நேர்த்தமிழ் காட்சி. ‘திறவோர் காட்சியின் தெளிந்தனம்’ என்கிறார் கணியன் பூங்குன்றனார் (புறநானூறு 192). ‘மாசறு காட்சி யவர்க்கு’ என்கிறது குறள் 352. இரண்டும் அறிவால் கண்டு தெளிந்ததைச் சொல்கின்றன. கோயிலில் காண்பதற்கும் காட்சி என்றே சொல்லலாம். ‘முருகன் காட்சி கொடுத்தான்’ என்று இன்றும் பேசுகிறோம்.

தத்துவத்தில் மட்டும் ஒரு சிக்கல். சைவ சித்தாந்த அளவையில், அதாவது அறிவைப் பெறும் வழிகளைப் பற்றிய பகுதியில், காட்சி என்றால் பிரத்தியட்சம், அதாவது நேரில் அறிதல். குழப்பம் வராமலிருக்க, ஆறு தரிசனங்களையும் மெய்க்காட்சிகள் என்றே எழுதுகிறேன். வலிந்து கட்டிய சொல் என்று யாரும் தயங்க வேண்டாம்: அருணந்தியாரின் குருவாக இருந்து சிவஞான போதம் அருளியவருக்குப் பெயரே மெய்கண்டார்.