மத்திக் கருவாடும் மூளைக் கொழுப்பும்: பக்கவாதத்தில் எம்.டி.ஏ. பரிசோதனை எதற்கு?

பாம்பன், மண்டபம் பக்கம் கருவாடு காயப்போடுகிறவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை: நெத்திலி நாள்பட நிற்கும், மத்தி சீக்கிரம் மஞ்சள் பூத்துக் காறிப்போகும். மத்தியில் எண்ணெய் அதிகம். அந்த எண்ணெயைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் கெடுக்கிறது. மூளை செல்லின் சவ்விலும் இப்படிச் சட்டென்று கெடக்கூடிய கொழுப்புதான் நிறைய இருக்கிறது. மீன் காறலை அளக்க உணவு ஆய்வகத்தில் செய்யும் டி.பி.ஏ. (தயோபார்பிட்யூரிக் அமில) சோதனையே பக்கவாத நோயாளியின் ரத்தத்துக்கும் செய்யப்படுகிறது.

உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடல் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டதும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்துடிப்பு மிகுந்த ஆக்சிஜன் வகையைக் கக்குகிறது. அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிச் சவ்வுக் கொழுப்பைச் சிதைக்கிறது. மிஞ்சும் துணுக்குகளில் ஒன்றுதான் மாலோன்டைஆல்டிஹைடு, சுருக்கமாக எம்.டி.ஏ. அடைப்பு திறந்து ரத்தம் மறுபடி பாயும்போதும் இதே சேதம் இன்னொரு முறை நடக்கும்.

சோதனை பார்க்க எளிது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, அமிலச் சூழலில் 95 டிகிரியில் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும். அதை 532 நானோமீட்டரில் அளப்பார்கள். தொல்லை எல்லாம் அதற்கு முன்னால்தான். உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து, தாமதிக்காமல் சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். தொண்டியில் எடுத்த குழாய் பைக் பெட்டிக்குள் வெயிலில் வெந்து டவுனுக்கு வந்தால், ஆக்சிஜனேற்றம் குழாய்க்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும். ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபின் நிறம் அளவைக் கெடுக்கும். சிவப்பணுவுக்குள் இருக்கும், சூப்பர் ஆக்சைடை அடக்கும் எஸ்.ஓ.டி. என்சைம் வெளியே கசிந்து, பிளாஸ்மாவில் அதன் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ரத்தத்திலுள்ள சர்க்கரையும், பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியும்கூட இந்த அமிலத்தோடு வினைபுரியும். பீடி குடிப்பவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் எம்.டி.ஏ. ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும்.

அதனால், நூறு நோயாளிகளை நூறு நலமானவர்களோடு ஒப்பிட ஆராய்ச்சிக்கு இது உதவும். வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு என்ன மருந்து என்று முடிவுசெய்ய உதவாது. இந்தச் சோதனைக்கு 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று தனியாகப் பணம் கட்டச் சொன்னால் தாராளமாக மறுக்கலாம்.

இந்த ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மருந்துகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து 2006-இல் நம்பிக்கை தந்தது; அடுத்த ஆண்டே வெளியான, இன்னும் பெரிய ஆய்வில் தோற்றது. இதே வகை மருந்தான எடாரவோனுக்கு ஜப்பான் 2001-இல் அனுமதி கொடுத்தது, இங்கேயும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அடைப்பைத் திறக்கும் சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது. 'நரம்புக்கு நல்லது' என்று வைட்டமின் ஈ மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்கள், அது மூளை ரத்தக்கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

முடிவைத் தீர்மானிப்பது சி.டி. ஸ்கேன், சர்க்கரை அளவு, பி.பி., கடிகாரம். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், பி.பி. 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்துசேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கைவைத்தியமாகப் புறா ரத்தம் தேய்த்து ஒரு பொழுதைக் கழித்துவிட்டு வந்தால் ஊசிக்கு வழியில்லை.

கடலில் கணக்கு இன்னும் சிக்கல். ராத்தங்கலுக்குப் போன விசைப்படகில் ஒருவர் விடியலில் வாய் கோணி எழுந்தால், நேரம் அவர் எழுந்ததிலிருந்து ஓடுவதில்லை. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து ஓடுகிறது. “அண்ணே, கடைசியா எத்தனை மணிக்கு நல்லாப் பேசினாரு?” என்றுதான் கரையில் முதலில் கேட்பார்கள். எனவே அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொல்லி, 108 வண்டியைத் துறைக்கே வரவழையுங்கள். படகில் தண்ணீரோ டீயோ கொடுக்க வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவர் வழக்கமாகப் போடும் மாத்திரை அட்டையை, முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கப் போடுவது இருந்தால், வீட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.