தனி மியூசிக் பிளேயர் வாங்கலாமா? ஒரு செவித்திறன் நிபுணரின் பார்வை

போனில் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு, பாட்டுக்கென்றே தனியாக ஒரு பிளேயர் வாங்கினால் காதுக்கு நல்லதா? பரிசோதனை முடிந்து, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமை விளக்கிக்கொண்டிருக்கும்போது இளைஞர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பிளேயரில் எந்த அம்சங்கள் உங்களுக்குப் பிடிக்கப் போகின்றனவோ, அவைதான் காதுக்கு அதிக வேலை வைக்கும். இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளேயரில் அழைப்பு வராது, செய்தி வராது, பாட்டின் நடுவே அறிவிப்பு மணி அடிக்காது. இணையம் இல்லாத இடத்திலும் பாடும். போனின் பேட்டரியைத் தின்னாது. மெமரி கார்டில் நீங்கள் சேர்த்து வைத்த பாட்டு, ஏதோ ஒரு செயலியின் சந்தா முடிந்துவிட்டது என்று காணாமல் போகாது. 2001இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி இடம்தான் இருந்தது, ஆயிரம் பாட்டுக் கொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். 2022இல் ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. அப்படியும் வேறு நிறுவனங்கள் பிளேயர்களைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. குறுக்கீடு இல்லாமல் ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்க விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மருத்துவத்திலும் இசைக்கு இடம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் காத்திருப்பவரின் பதற்றம் இசை கேட்டால் குறைகிறது. பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு, சீரான தாளத்தைக் கேட்டபடி அதற்கேற்ப அடி எடுத்து வைக்கும் நடைப்பயிற்சி தருகிறார்கள். காதிரைச்சலால் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு, மெல்லிய ஒலியை ஓடவிட்டுக் கேளுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். அதனால் பாட்டுக் கேட்பதை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

சரி, தொல்லை எங்கே தொடங்குகிறது?

காதுக்குள் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 15,000 மயிரிழை செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கான சமிக்ஞையாக மாற்றுவது இவற்றின் வேலை. பிறக்கும்போது எத்தனை இருந்ததோ அத்தனைதான். ஒன்று செத்துப்போனால் அதன் இடத்தில் புதிது முளைக்காது. அதிக சத்தத்தில் வெகுநேரம் வேலை செய்தால் இவை களைத்துப்போகின்றன. காது பஞ்சு அடைத்தாற்போல மந்தமாவதும், உள்ளே 'ங்' என்று இரைவதும் அந்தக் களைப்பின் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால்தான் மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஒரு கட்டத்தில் இழந்த செவித்திறன் முழுதாகத் திரும்புவதில்லை.

எவ்வளவு கேட்டால் பாதுகாப்பு? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் (டெசிபல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம், ஆனால் 75 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. அதாவது 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 95 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரம். 100 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம். 3 டெசிபல் வித்தியாசம் காதுக்குச் சற்றுக் கூடினாற்போலத்தான் தோன்றும். ஆனால் ஒலியின் ஆற்றல் அங்கே இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது பிளேயரின் சிறப்புகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். குறுக்கீடு இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. போனில் ஓர் அழைப்பு வந்தால் பாட்டு நின்று காதுக்குக் கொஞ்சம் ஓய்வாவது கிடைக்கும், இங்கே அதுவும் கிடையாது. வேலை நேரம் முழுக்க இயர்போனோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். "சத்தமாகவே வைப்பதில்லை, பாதி வால்யூம்தான்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் என்றால் பாதி வால்யூமும் வாரக் கணக்கைத் தாண்டிவிடலாம்.

அந்தப் 'பாதி' எவ்வளவு என்பதும் தெரியாது. பிளேயரின் திரையில் தெரியும் 50 என்ற எண் டெசிபல் இல்லை. அதே 50இல் ஓர் இயர்போன் மென்மையாக ஒலிக்கும், இன்னொன்று காதைக் கிழிக்கும். சில போன்களில், பொருத்தமான ஹெட்போனை இணைத்தால், வாரத்தில் எவ்வளவு ஒலி கேட்டோம் என்று கணக்கு வைத்து எச்சரிக்கும் வசதி உண்டு. தனிப் பிளேயரில் நீங்கள் எந்த இயர்போனைச் செருகினீர்கள் என்பதே அதற்குத் தெரியாது, பிறகு எப்படிக் கணக்கு வைக்கும்? போதாததற்கு, பெரிய ஹெட்போன்களை இயக்குவதற்காக நல்ல பிளேயர்களில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் போனைவிட வலுவாக இருக்கும். அதில் 'கெயின்' என்று, எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு அமைப்பு இருந்தால், சிறிய இயர்போன் பயன்படுத்தும்போது அது 'லோ'வில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் 'ஹை'யில் வைத்தால் தரம் கூடும் என்று நினைக்கிறார்கள். சத்தம்தான் கூடும்.

பரிசோதனை அறையில் நான் அடிக்கடி செய்து காட்டும் ஒன்று உண்டு. வந்தவரிடம், வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைக்கச் சொல்வேன். அமைதியான அறை என்பதால் குறைவாகவே வைப்பார். அப்புறம் ஒலிபெருக்கியில் போக்குவரத்து இரைச்சலை ஓடவிடுவேன். சில நொடிகளில் அவர் விரல் வால்யூம் பொத்தானுக்குப் போய்விடும். இரைச்சலை நிறுத்தினால், பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கே அதிர்ச்சியாக இருக்கும். ரயிலிலும் பேருந்திலும் தினமும் நடப்பது இதுதான்.

அதனால் பிளேயருக்குச் செலவு செய்யும் முன் இயர்போனுக்குச் செலவு செய்யுங்கள் என்பது என் கருத்து. காதில் நன்றாகப் பொருந்தி வெளி இரைச்சலை அடைக்கும் இயர்போனோ, இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஹெட்போனோ இருந்தால் வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே குறையும். ஆனால் அதே காரணத்தால் சாலையில் நடக்கும்போதும், சைக்கிள் ஓட்டும்போதும், தண்டவாளம் கடக்கும்போதும் அதைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டுத் தணிந்து, கேட்பவர்கள் இருவரும் மைக் வழியாகப் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரை மறக்கக் கூடாது என்று அன்று யோசித்திருக்கிறார்கள். இன்று வீட்டில் ஒருவர் கூப்பிட்டு இன்னொருவர் திரும்பாதபோது, அது இயர்போனாலா, செவித்திறன் குறைந்ததாலா என்று வீட்டாருக்கே தெரிவதில்லை. அதனாலேயே பலர் தாமதமாக வருகிறார்கள்.

இயர்போனால் வரும் சிறு தொல்லைகளும் உண்டு. குறும்பி இயல்பாக வெளியே வருவதை அது தடுத்து உள்ளே தள்ளுகிறது. வியர்வையும் ஈரமும் தங்கினால் காதுத் துளையில் தொற்று வரலாம். இயர்போனின் ரப்பர் முனையைத் துடைத்து வையுங்கள், இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள். காதில் மாட்டிக்கொண்டே தூங்குவதும் வேண்டாம்.

சத்தத்தால் வரும் பாதிப்பு ஆடியோகிராமில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கத்தில் ஒரு பள்ளமாகத் தொடங்கும். தொடக்கத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். கூட்டத்தில் மட்டும், "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை" என்பார்கள். ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப்போவதால் வருவது இது. சிலருக்குப் பள்ளம் தெரியும் முன்பே காதிரைச்சல் வந்துவிடுகிறது. பாட்டுக் கேட்டு முடித்த பிறகு காது இரைந்தால் அன்றைய அளவு கூடிப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதாக இருந்தால், அதிகபட்ச வால்யூமைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி உள்ளதைத் தேடுங்கள். பூட்டுவதற்கு முன், அவர்களின் இயர்போனை அதில் செருகி நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தினமும் பல மணி நேரம் கேட்கும் பழக்கம் இருந்தால், குறை எதுவும் தெரியாதபோதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். 3,000, 6,000 ஹெர்ட்ஸிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், எல்லா இடத்திலும் தானாகச் செய்ய மாட்டார்கள். பரிசோதனைக்கு முந்தைய நாள் முழுக்க இயர்போனுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு வாருங்கள், களைத்த காதோடு வந்தால் அளவு தவறாகக் காட்டும். ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் மட்டும் இந்தத் தயாரிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்கான சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் இருக்கும்.