கள்ளநோட்டு விளக்கும் ஒரு கிழ எலியும்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவள், இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. "சார், எங்க கடலை கண்ணுல ரத்தம் வருது சார்" என்றாள். எனக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. கடலை என்பது அவள் வளர்க்கும் எலி. வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் பழுப்புத் தொப்பி போட்டது போல ஒரு பட்டை, வயது இரண்டு வருடம் நாலு மாதம். எலிக்கு ஆயுசே இரண்டு, மூன்று வருஷம்தான் என்பதால் கடலையை நாம் பாட்டி என்றே மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு கண் ஓரத்திலும் கருஞ்சிவப்பாகப் பொருக்கு, மூக்கு நுனியிலும் அதே. இதைப் பார்த்த எதிர்வீட்டு அத்தை முதலில் திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறார். அதுவரை சரி, மிளகாய்க்குத்தான் நஷ்டம். மறுநாள் அவரே வந்து, பிள்ளையார் வாகனம் ரத்தக் கண்ணீர் விட்டால் வீட்டுக்கு ஆகாது, கெடிலம் கரையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண்ணின் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், சொல்லியிருக்கிறார். கூண்டிலேயே வளர்ந்த, பின்னங்கால் தள்ளாடுகிற ஒரு கிழ எலியை ஆற்றங்கரையில் விட்டால் காக்கைக்கு அரை மணி நேர வேலை. பெண்ணுக்கு அதுதான் பயம். (இன்னொரு விஷயம், பிள்ளையாருக்கு நாம் வாகனமாகச் சொல்லும் மூஞ்சூறு எலியே கிடையாது. கொறிக்கும் விலங்குகளின் வரிசையிலேயே அது வராது, பூச்சி தின்னும் வேறு குடும்பம். ஆனால் ஒரு ஆயாவிடம் இப்படி வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.)

ஈரப் பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிடம் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை இரவல் வாங்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். அந்த விளக்கில் இருந்து வருவது புற ஊதா ஒளி. பள்ளியில் படித்ததுதான், ஊதாவுக்கும் அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாதது.

சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினோம். ஒப்பிட்டுப் பார்க்க நிஜ ரத்தம் வேண்டுமே என்று நான் யோசிக்கும்போதே ஆயா விரலை நீட்டிவிட்டார். அவருக்குச் சர்க்கரை, தினமும் காலையில் விரல் குத்திப் பார்க்கிறவர், ஒரு சொட்டெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பஞ்சில் ஆயாவின் ரத்தம், இன்னொன்றில் கடலையின் கண்ணீர். விளக்கைப் போட்டதும் ஆயாவின் பஞ்சு கரி பூசினது போலக் கறுத்துக் கிடந்தது. கடலையின் பஞ்சு ஊதிவிட்ட தணல் மாதிரி இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. "அட" என்றார் ஆயா.

அதாவது அது ரத்தம் இல்லை. ஆனால் ரத்தத்துக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். இந்த உறவுமுறை எனக்கு அலுக்காத கதை, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எலியின் கண் உருண்டைக்குப் பின்னால் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. ஜோஹன் யாகோப் ஹார்டர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1694இல் மானின் கண்ணில் இதை முதலில் விவரித்தார். நமக்கு இது இல்லை. எலிக்குக் கண் காயாமல் இருக்க எண்ணெய்ப்பசையான ஒரு திரவத்தை இது சுரக்கிறது, அதோடு போர்ஃபிரின் என்ற ஒரு பொருளும் கலந்து வருகிறது. அந்தப் போர்ஃபிரின்தான் சிவப்பு. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வழியாக இறங்குவதால் மூக்கு நுனியிலும் அதே சிவப்பு.

போர்ஃபிரின் எப்படி இருக்கும்? ஐந்து அணுக்களால் ஆன சின்ன வளையம் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு நைட்ரஜன். நான்கையும் சுற்றிக் கோத்து ஒரு பெரிய வளையமாக்கினால் நான்கு நைட்ரஜனும் உள்பக்கம் பார்த்தபடி நிற்க, நடுவில் ஒரு குழி விழும். பல்லாங்குழிப் பலகையில் ஒரே ஒரு குழியை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழியில் என்ன போடுகிறோம் என்பதில்தான் உலகமே இருக்கிறது. இரும்பு அணுவைப் போட்டால் அது ஹீம், நம் ரத்தச் சிவப்பு. வளையத்தைக் கொஞ்சம் மாற்றி மெக்னீசியம் போட்டால் பச்சையம், முருங்கை இலையின் பச்சை. ஒன்றும் போடாமல் காலியாக விட்டால் கடலையின் கண்ணீர்.

சரி, ஒன்று ஒளிர்கிறது, இன்னொன்று ஏன் கறுத்துக் கிடக்கிறது? இந்த வளையம் முழுக்க எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடுகிற அமைப்பு. ஊதா, புற ஊதா ஒளி விழுந்தால் அவை அதை விழுங்கி மேல் படிக்கு ஏறுகின்றன. ஏறினது இறங்கித்தானே ஆக வேண்டும். விழுங்கினதில் கொஞ்சத்தை வெப்பமாகச் சிந்திவிட்டு, மிச்சத்தை ஒளியாக உமிழ்ந்துகொண்டு இறங்குகின்றன. மிச்சம் என்பதால் சக்தி குறைந்த ஒளி, அதாவது சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய், கண்ணுக்குத் தெரியும் சிவப்பாக வெளியே வருகிறது. ஆனால் குழியில் இரும்பு உட்கார்ந்திருந்தால் கதை வேறு. இரும்பின் எலக்ட்ரான் அமைப்பில் பாதி நிரம்பாத இடங்கள் உண்டு. மேலே ஏறின சக்தி ஒளியாக வெளியே வருவதற்குள் அந்த வழியாக நழுவி மொத்தமும் வெப்பமாகிவிடுகிறது. ஓட்டை டியூபில் காற்றடிப்பது போலத்தான், எவ்வளவு அடித்தாலும் உருண்டு போகாது. ஆயாவின் ரத்தம் ஒளிராததற்கு அந்த ஓர் இரும்பு அணுதான் காரணம்.

வீட்டில் எலி இல்லாதவர்களும் இதைப் பார்க்கலாம். பழுப்பு ஓடு உள்ள கோழி முட்டையை இருட்டில் அந்த விளக்கின் கீழ் வையுங்கள், ஓட்டின் பழுப்பும் இதே போர்ஃபிரின்தான், சிவப்பாக மின்னும். வெள்ளை லெக்கார்ன் முட்டையில் இது வராது. முருங்கை இலையைக் கசக்கி மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால், பச்சைத் தண்ணீர் விளக்கில் ரத்தச் சிவப்பாக மாறும், மெக்னீசியம் இரும்பு மாதிரி சக்தியைத் திருடுவதில்லை. இந்தப் பரிசோதனையை வகுப்பில் செய்த நாட்களில் எல்லாம் கடைசி பெஞ்சு முன்னால் வந்துவிடும். விளக்கை மட்டும் யார் கண்ணிலும் அடிக்காதீர்கள், எலியின் கண்ணிலும்தான், அதனால்தான் பஞ்சு.

இன்னும் ஒன்று. மூளைக் கட்டி அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு 5-அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. உடம்பு அதை வைத்துத்தான் இந்த வளையத்தைக் கட்டுகிறது, சில வகைப் புற்றுசெல்களில் இரும்பு ஏறாத வளையம் தேங்கிவிடுகிறது. நீல ஒளியைப் பாய்ச்சினால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிர, எதை வெட்டுவது, எதை விடுவது என்று மருத்துவருக்குத் தெரிகிறது. 2017இல் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. கடலையின் கண் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் அதே பொருள். எலியின் கண்ணீரை ஆராய்ந்து என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டுவிட்டு நிதிக் கோப்பை மூடி வைக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

அப்புறம் அந்தப் பெண் கேட்டதுதான் நல்ல கேள்வி. "எல்லா எலிக்கும் இது சுரக்குதுன்னா, இத்தனை நாள் ஏன் சார் தெரியல?"

கேள்விக்குப் பதில் கண்ணில் இல்லை, காலில் இருக்கிறது. எலி முகம் கழுவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னங்கால் இரண்டிலும் குந்தி உட்கார்ந்து, முன்கை இரண்டையும் நக்கி ஈரமாக்கி, மூக்கில் தொடங்கிக் கண், காது என்று பின்னால் தள்ளிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணி மாளாது. சிவப்பு சுரந்துகொண்டேதான் இருக்கிறது, காய்வதற்குள் கழுவிவிடுகிறது. இதற்கு முன்கை இரண்டும் தரையில் ஊன்றாமல் சும்மா இருக்க வேண்டும், அப்படி இருக்கப் பின்னங்கால் உடம்பைத் தாங்க வேண்டும். கிழ எலிகளுக்கு முதலில் தளர்வது அதுதான். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்பு வேர்களைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்துபோகிறது, மேலுறை உரிந்த ஒயர் மாதிரி. சமிக்ஞை வழியிலேயே மங்கிவிடும். பெரும்பாலும் வலி இருப்பதில்லை, ஆனால் கால் இழுபடும், குந்தி உட்கார்ந்தால் சாயும். கையை ஊன்றினால்தான் நிற்க முடியும் என்றால் முகத்தை யார் கழுவுவது?

பயம், பசி, வேறு எலியோடு சண்டை, நோய், எதுவானாலும் இந்தச் சுரப்பி கூடுதலாகச் சுரக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டால், தும்மல் விடாமல் வந்தால், அது மைக்கோபிளாஸ்மா கிருமியின் மார்புச் சளியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். முன்கையால் தீனியைப் பிடிக்கவே முடியவில்லை என்றாலும் சும்மா இருக்கக் கூடாது. கடலைக்கு இரண்டும் இல்லை, மூச்சு சுத்தம், வேர்க்கடலையைப் பிடித்துத் தின்கிறது. கண்ணைச் சுற்றி மட்டும்தான் அழுக்கு.

என் வீட்டுப் பூனைக்குப் பதினாலு வயசு. ஒரு வருஷமாக முதுகின் பின்பாதியில் மட்டும் முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, கழுத்தும் மார்பும் பளபளவென்று இருக்கின்றன. சோம்பேறி ஆகிவிட்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். மூட்டு வாதம், உடம்பை வளைத்து நாக்கைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கடலையைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் எனக்கே உறைத்தது. மூட்டுவலிதானே என்று நமக்கு வாங்கி வைத்த பாரசிட்டமாலில் கால்வாசி உடைத்துப் பூனைக்குக் கொடுக்கிற வேலையை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. மருந்து உடைந்து வரும் நச்சு, ஹீமின் குழியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரும்பையே கெடுத்துவிடும். ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பாகி, ஈறு நிறம் மாறி, பூனை செத்தே போகும். ஒரே ஒரு மாத்திரை போதும்.

கிழட்டு நாய்க்குக் கண்ணில் நீலப் புகை மாதிரி தெரிந்தால் எல்லோரும் புரை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லென்ஸ் வாழ்நாள் முழுக்க வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக வளர்கிறது, பழைய அடுக்கைக் கழற்றிப் போட இடமில்லை, நடுவில் நெருங்கி இறுகி ஒளியைச் சிதறடிக்கிறது. பல நாய்களுக்கு அதற்குப் பிறகும் பார்வை நன்றாகவே இருக்கும். புரையா இதுவா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார் என்று ஊரே டம்ளரோடு கோயில் வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? பால் சிலை மேலேயே வழிந்து இறங்குகிறது என்று அன்று சாயம் கலந்த பாலை வைத்து விளக்கியவர்களைவிட, வரிசையில் நின்றவர்கள்தான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அதில் ஒரு பாடம் உண்டு, திருஷ்டி இல்லை என்று சொல்வதைவிட விளக்கைப் போட்டுக் காட்டுவது மேல். நாட்டில் கால்நடைப் படிப்பு மாடு, ஆடு, கோழியைச் சுற்றியே இருப்பது நியாயம்தான், சோறு அங்கேதான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி குரும்பாபேட்டில் நமக்கென்று ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில், வீட்டுப் பிராணிகளின் முதுமையைப் பற்றி நாலு மாணவர்கள் இரண்டு வருஷம் குறிப்பெடுக்க ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது என் அபிப்பிராயம்.

கடலைக்குச் செய்தது இவ்வளவுதான். கூண்டின் மாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தோம். கம்பித் தரை மேல் பழைய நைட்டித் துணி. தீனியை ஊறவைத்துக் குழைவாக, தட்டையான கிண்ணத்தில். வெயில் காலத்தில் எலி உடம்புச் சூட்டை வாலின் ரத்தக் குழாய்களை விரித்துத்தான் வெளியேற்றும், அதனால் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று எப்போதும் ஓரத்தில். தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து முகம் துடைப்பது. நான் யோசிக்காத ஒன்றை அந்தப் பெண் செய்தாள். துண்டைச் சுருட்டி ஒரு ஷூ டப்பாவின் மூலையில் வளைத்து வைத்தாள், சாய்வு நாற்காலி மாதிரி. கடலை அதில் இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, முன்கை இரண்டையும் தூக்கி நக்கி, தானே மூக்கைக் கழுவத் தொடங்கியது. இடது பக்கம் மட்டும்தான் எட்டியது. வலது பக்கம் அந்தப் பெண்ணின் பொறுப்பு.

விளக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு நான் கிளம்பும்போது, ஆயா சுருக்குப் பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "இதையும் பாத்துடு தம்பி, மீன்காரி குடுத்தது." நல்ல நோட்டுதான்.