சொல் விளக்கம்: கால்சியக் குறிகை

கால்சியம் என்றதும் பாலும் எலும்பும்தான் நினைவுக்கு வரும். அதனால், ‘காட்மியம் என்னும் நச்சு உலோகம் சிறுநீரகத்தின் கால்சியத்தைக் குலைக்கிறது’ என்று படிப்பவர், கால்சிய மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடுகிறார். குலைவது சத்து அன்று, குறிகை; அதாவது உயிரணுவுக்குள் கால்சியம் கடத்தும் செய்தி.

மலாயில் இதை ‘இஷாரத் கல்சியம்’ என்பார்கள். சாலைச் சந்தியில் நிற்பதை நாம் சமிக்ஞை விளக்கு என்கிறோமே, அதே இஷாரத்தான். சமிக்ஞை வடமொழி வழி வந்தது. சைகையோ பேச்சில் கையசைப்போடு நின்றுவிட்டது. ‘குறி’ என்னும் வேரில் பிறந்த குறிகைக்குக் குறிப்பு, குறித்தல் எல்லாம் உறவு. ‘சிக்னலிங்’ என வருமிடத்தில் குறிகைப் பரிமாற்றம் என எழுதலாம்.

‘கால்சியம்’ லத்தீனின் ‘கால்க்ஸ்’, அதாவது சுண்ணாம்பு. 1808இல் ஹம்ப்ரி டேவி தனிமத்தைப் பிரித்துப் பெயரிட்டார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் வெற்றிலையில் தடவித் தரும் சுண்ணாம்பிலும் இருப்பது இதுதான். ‘சுண்ணம்’ எனலாமே என்றால், பழந்தமிழில் அது பொடியைக் குறிக்கும். கால்சியத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது. சிறுநீரகத்துக்குப் பழைய சொல் குண்டிக்காய், ஆட்டிறைச்சிக் கடையில் இன்றும் கேட்பது. மலாயின் ‘புவா பிங்காங்’கும் ‘இடுப்புக் காய்’ என்ற பொருள்தான் தருகிறது.

உயிரணுவுக்கு வெளியே, எதனோடும் பிணையாத தனித்த கால்சியத்தின் செறிவு சுமார் 1.2 மில்லிமோலார், உள்ளே ஓய்வுநிலையில் சுமார் 100 நானோமோலார். பத்தாயிரம் மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டால்தான், உள்ளே சிறிதளவு கசிந்தாலும் அது செய்தியாகிறது. கால்மோடுலின் என்னும் புரதம் நான்கு கால்சிய அயனிகளைப் பற்றிக்கொண்டு அந்தச் செய்தியை நொதிகளுக்குக் கடத்துகிறது.

காட்மியம் பொய்க் குறிகை. அதன் அயனியின் ஆரமும் மின்னூட்டமும் கால்சியத்தை ஒட்டியவை, கால்மோடுலின் ஏமாந்துவிடுகிறது. ஈயமும் இதே வழியில் நுழைகிறது. கல்லீரலில் மெட்டல்லோதயோனின் புரதத்தோடு கட்டுண்ட காட்மியம் இரத்தத்தில் வந்து, சிறுநீரக வடிகட்டியைக் கடந்து, வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழலான அண்மைச் சுருள்குழலின் உயிரணுக்களால் உறிஞ்சப்படுகிறது. உயிரணுவின் செரிமானப் பையான லைசோசோமில் புரதம் சிதைந்ததும் உலோகம் விடுபடுகிறது. அதன் பிறகு உயிரணுவுக்குள் சவ்வு வலையாக இருக்கும் உள்வலைப் பின்னலின் கால்சியச் சேமிப்பு திறந்துகொள்கிறது. மிகுந்த கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா விழுங்கிச் செயலிழக்கிறது. கால்பெய்ன் நொதி உயிரணுவின் சட்டகத்தையே வெட்டுகிறது. கடைசியில் உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இங்கே ஒரு பொறி உண்டு. கால்சியத்தை ஒளிர்வால் அளக்கப் பயன்படும் ஃபியூரா-2 சாயம், கால்சியத்தைவிடக் காட்மியத்தை மிக இறுக்கமாகப் பற்றும். ஒளிர்வு மாறியதும் ‘கால்சியம் ஏறியது’ என எழுதிவிடக்கூடாது. கன உலோகத்தை மட்டும் பிடித்து, கால்சியத்தைப் பெரிதும் தொடாத டீபென் (TPEN) என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளிர்வு பழைய நிலைக்கு விழுந்தால் அது காட்மியத்தின் வேலை.

மருத்துவத்திலும் இதுபோல் ஒன்று. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் இரத்த அளவு தொடக்கத்தில் இயல்பாகவே இருக்கும். சுருள்குழல் பழுதுபட்டதை அது சொல்லாது. சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறு புரதம் கூடுவதே முன்னறிகுறி. ஆனால் அமிலத்தன்மை மிகுந்த சிறுநீரில், அமிலக்காரக் குறியீடு (pH) 6-க்குக் கீழே போனால், அந்தப் புரதம் சிறுநீர்ப்பையிலேயே சிதைந்து, பழுது இருந்தும் இல்லாததுபோல் காட்டும். அமிலத்தில் அவ்வளவு எளிதில் சிதையாத ரெட்டினால் பிணைப்புப் புரதத்தையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

உணவு வழியாகக் காட்மியத்துக்குப் பன்னாட்டு நிபுணர் குழு 2010இல் வைத்த வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மாதம் 25 மைக்ரோகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.5 மில்லிகிராம். அரிசி, கீரை, கெராங் போன்ற சிப்பி வகைகள், ஆட்டுக் குண்டிக்காய், எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. குடலைவிட நுரையீரல் இதை எளிதாக ஏற்பதால் சிகரெட்தான் மோசம். இரும்புச்சத்து குறைந்தவரின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அவருக்குத் தேவை இரும்புச்சத்துப் பரிசோதனை. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.