ரௌட்டருக்குள் நிற்கும் நீள வரிசை

யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஆறரை என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்துக் காலை ஒன்பது மணி. இங்குள்ள அம்மா அப்பாக்கள் அங்குள்ள பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்கும் நேரம் அது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று இழுபடும். "கேக்குதோ? கேக்குதோ?" என்று இரண்டு பக்கமும் கத்துவார்கள். உடனே பல வீடுகளில் இன்னும் வேகமான பக்கேஜுக்கு மாறுகிறார்கள். மாதாமாதம் காசு கூடுகிறது, இழுபறி அப்படியே இருக்கிறது. எனக்கு இது கவலையான விஷயம். ஏனென்றால் அந்தக் குரல் பெரும்பாலும் சிக்கிக் கிடப்பது வீட்டு ரௌட்டருக்குள் இருக்கும் ஒரு வரிசையில்.

குரல் அழைப்பு ஒன்றுக்கு செக்கனுக்கு 100 கிலோபிற் இருந்தாலே தாராளம். அதற்கு வேண்டியது நேரத்துக்குப் போய்ச் சேர்வது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெக்கனுக்குள் எடுத்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பைபர் கேபிளுக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ இங்கிருந்து நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல். ஆக, 65 மில்லிசெக்கன் தூரத்துக்கே போய்விடும். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இன்னும் கூட. மிச்சம் இருப்பது கொஞ்ச நேரம்தான். அதை வீட்டுக்குள்ளேயே வீணாக்க முடியாது.

ஆனால் வீணாகிறது. அம்மா கதைத்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் போன் நல்லூர்த் திருவிழாவில் எடுத்த வீடியோக்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். போனிலிருந்து ரௌட்டருக்குத் தரவு வேகமாக வரும். ரௌட்டரிலிருந்து வெளியே போகும் பாதை ஒடுக்கமானது. இணையத்தில் தரவு பொதி என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். வந்து குவியும் பொதிகளை ரௌட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைக்கும். மேலேற்றும் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற், வரிசையில் நிற்பது 500 கிலோபைற்று, அதாவது 4 மெகாபிற் என்றால், கடைசிப் பொதி வெளியேற 2 செக்கன் ஆகும். அம்மாவின் குரல் பொதியும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

தம்பியின் போன் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை? அதற்கு விஷயம் தெரியாது. இணையத்தில் கோப்பு அனுப்பும் வழக்கமான முறை, ஏதாவது ஒரு பொதி தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. பொதி தொலைந்தால்தான் பாதை நெரிசல் என்று அதற்குப் புரியும். நினைவகம் மலிந்த பிறகு கருவிகள் பெரிய பெரிய வரிசைகளோடு வரத் தொடங்கின. ஒரு பொதியும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தொலையாததால் எச்சரிக்கையும் போவதில்லை. வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 2010 இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். வரிசை வீங்கிப் போகும் நோய்.

மருந்து 2012 இல் வந்தது. கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பிருந்த முறைகள் வரிசையின் நீளத்தை அளந்தன. கோடெல் ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பொதிகள் திடீரென்று கூட்டமாக வந்து உடனே கரைந்துபோனால் அது பிழையில்லை. ஆனால் 100 மில்லிசெக்கன் முழுக்கக் காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை என்றால், அந்த வரிசை கரையப்போவதில்லை. அப்போது கோடெல் வேண்டுமென்றே ஒரு பொதியைத் தூக்கி எறிகிறது. அனுப்புகிற போன் அதைக் கவனித்து வேகத்தைக் குறைக்கிறது. குறையாவிட்டால் எறிதலும் அடிக்கடி நடக்கும். தொலைந்த பொதியைப் போன் திரும்ப அனுப்பிவிடும், வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

இதோடு சேர வேண்டிய இன்னொன்று, வரிசையைப் பிரிப்பது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களை நினைத்துப் பாருங்கள். ஷெட்டில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனி வரிசை வைத்தால், இரண்டு லீற்றர் அடிக்க வந்தவர் பெரிய வாகனங்களுக்குப் பின்னால் காயத் தேவையில்லை. 'எஃப்கியூ-கோடெல்' அப்படித்தான் செய்கிறது. ஒவ்வோர் உரையாடலையும் கோப்பையும் தனித்தனி வரிசையில் விட்டு, சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறது. இடைக்கிடை சின்னப் பொதி மட்டும் அனுப்பும் குரல் அழைப்பு தானாகவே முன்னுக்கு வந்துவிடும். எது முக்கியம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சொல்லிக்கொடுக்கும் முறையும் உண்டு. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் 6 பிற் இடம் இருக்கிறது; குரலுக்கு வழக்கமாக 46 என்று குறிப்பார்கள். அலுவலக வலையமைப்புக்குள் நன்றாக வேலை செய்யும். வெளியே போனால் பல நிறுவனங்கள் அந்தக் குறியை அழித்துவிடும், அல்லது பார்ப்பதே இல்லை. ஆகவே வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பொதி போய்த் திரும்பிவர எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையைக் கணினியில் ஓடவிட்டு, அப்புறம் ஒரு பெரிய கோப்பை மேலேற்றுங்கள். 40, 50 என்றிருந்த எண் 800, 1,500 என்று ஏறினால் வரிசை வீங்கியிருக்கிறது. ரௌட்டர் அமைப்புகளில் 'எஸ்கியூஎம்' என்ற, வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். 'ஓப்பன்டபிள்யுஆர்டி' என்ற இலவச மென்பொருளை ஏற்றக்கூடிய ரௌட்டர் என்றால் அதில் அது கிடைக்கும். வேகத்தை உண்மையான அளவில் 90 வீதத்துக்கு மட்டுப்படுத்த வேண்டும். அப்போதுதான் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ரௌட்டரில் உருவாகும், அதற்கு அப்பால் உள்ள கருவியில் உருவாகாது.

பைபர் இணைப்பில் இது சுலபம். 4ஜி ரௌட்டரில் கொஞ்சம் சிரமம். மாலையில் எல்லோரும் ஒன்றாக வரும்போது வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே மாலை நேரத்து வேகத்தை அளந்து, அதற்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். தொலைபேசிக் கோபுரத்துப் பக்கம் உருவாகும் வரிசையை மட்டும் வீட்டிலிருந்து முழுதாகச் சரிசெய்ய முடியாது.