காப்பீட்டு அட்டையும் கண் வைத்தியமும்: எது கிடைக்கும், எங்கே கைக்காசு போகும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கண் அழுத்த நோய், அதாவது கிளாகோமா. போன வருடம் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இரண்டு சொட்டு மருந்து விடாமல் போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பெரியம்மா நேராகக் காப்பீட்டு மேசைக்குப் போய், ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை நீட்டினார். அங்கிருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அட்மிஷன் போட்டாத்தான் வருமுங்கம்மா, சொட்டு மருந்துக்கெல்லாம் வராதுங்க" என்றார். "அஞ்சு லட்சம் இருக்குதுன்னாங்களே கண்ணு, நானூறு ரூவா மருந்துக்கு இல்லையா?" என்று பெரியம்மா கேட்டதற்கு அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. தப்பு அவர் மேல் இல்லை, விதி அப்படித்தான் இருக்கிறது. அந்த விதியைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அட்டை கையில் இருந்தும் கண்ணை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அட்டை என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இது ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியார் பாலிசிபோல் இதில் காத்திருப்புக் காலம் கிடையாது.

இதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கும், பட்டியலில் இருக்கிற அறுவை, லேசர் மாதிரியான செயல்முறைகளுக்கும் போடப்பட்டது. புறநோயாளி சீட்டு, வழக்கமான கண் பரிசோதனை, மாதாமாதம் மருந்து, கண்ணாடி எதுவும் இதற்குள் வராது. இதயத்துக்கோ எலும்புக்கோ பெரிய செலவு ஆபரேஷனில்தான், அதனால் அங்கே இந்த ஏற்பாடு சரியாகப் பொருந்துகிறது. கண் அப்படி இல்லை. கண் நோயில் முக்கால்வாசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருகிற வேலை. வருடக்கணக்கில் சிறுகச் சிறுகப் போகும் அந்தச் செலவு ஏழை வீட்டில்தான் முதலில் நின்றுபோகும்.

கண்புரையில் மட்டும் பெரிய சிக்கல் இல்லை. 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் 66.2 சதவீதம் பேருக்குக் காரணம் புரைதான் என்று தெரிந்தது. இதற்கு 1976இலிருந்தே தனியாக ஒரு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் நடக்கிறது. அதனால் புரைக்கு அட்டையே தேவையில்லை. ஜிஹெச்சில் ஆபரேஷன், உள்ளே வைக்கும் லென்ஸ், மருந்து எல்லாம் இலவசம். தொண்டு மருத்துவமனைகள் ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள், அதற்கு அவர்களுக்கு அரசு மானியமும் உண்டு. அதனால் அட்டை இல்லையே, வருமானச் சான்று கிடைக்கவில்லையே என்று புரையை முற்றவிட்டு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அட்டையில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், வாசலில் திட்டத்தின் போர்டு இருக்கிறதே என்று மட்டும் பார்த்து உள்ளே போகாதீர்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் எந்தெந்தப் பிரிவுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாக இருக்கும், எலும்புக்குச் சேர்ந்திருக்கும் இடம் கண்ணுக்குச் சேர்ந்திருக்காது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிஞ்சும். அப்புறம், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு ஒப்புதல் வந்த பிறகு, "நல்ல லென்ஸ் போடுகிறோம், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டுங்கள்" என்று கேட்டால் அது முறையில்லை. ஆயுஷ்மான் விதிப்படி அந்தச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் அதே எண்ணிலோ ஆயுஷ்மான் உதவி எண்ணான 14555இலோ புகார் சொல்லலாம்.

மருத்துவமனை பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. லென்ஸ், மருந்து, ஆள் கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதுவும் முன்பே ஒப்புதல் வாங்கி, லென்ஸ் அளவு எடுத்த தாள், லென்ஸ் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கர், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் என்று எல்லாவற்றையும் ஏற்றினால்தான் பணம் வரும். ஒரு தாள் விட்டுப்போனால் கோரிக்கை திரும்பிவிடும். போலி ஆபரேஷன் கணக்குகளைத் தடுக்க இது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு டாக்டர், நான்கு நர்ஸ் வைத்து நடத்தும் சின்னக் கண் மருத்துவமனைக்கு இந்த எழுத்து வேலையே பாரம்.

விழித்திரைக்கு வந்தால் இந்தப் பாரம் இரண்டு மடங்கு. சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். ஒரு ஊசியோடு முடியாது, ஆரம்பத்தில் மாதம் ஒன்று வீதம் சில மாதங்கள் போட வேண்டும், அப்புறமும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மேசையில் பதிவு, ரேகை, ஒப்புதலுக்குக் காத்திருப்பு. களை எடுத்தும் பாத்திரம் தேய்த்தும் தேய்ந்துபோன விரலில் ரேகை விழாமல், துணியில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைக்கிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். துணைக்கு வந்த மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போகும். மூன்றாவது ஊசிக்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். இன்னொன்று, இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத் தேவை வருடத்துக்கு ஒரு முறை சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனைதான். அது புறநோயாளிச் சீட்டு, அட்டையில் வராது. சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை ஜிஹெச் கண் பிரிவில் போய் நில்லுங்கள், அங்கே காசில்லை.

கண் அழுத்த நோய்தான் எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமானது. புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டை அவிழ்த்தால் பேத்தி முகம் தெளிவாகத் தெரியும். இதில் சொட்டு போட்டாலும் எதுவும் தெளிவாகாது, ஏனென்றால் போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. போட்டாலும் போடாவிட்டாலும் இன்றைக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது, பாட்டிலோ திறந்து நான்கு வாரத்தில் தூக்கிப்போட வேண்டும், அப்புறம் யார்தான் மாதாமாதம் கைக்காசு போட்டு வாங்குவார்கள்? என் பெரியம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, ஒரு பாட்டிலை இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். பக்கப் பார்வை கொஞ்சம் குறைந்து, வாசல் திண்ணையில் இடித்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நோய் முற்றிப்போய் ஆபரேஷன் வரைக்கும் போனால் பணம் தருகிற திட்டம், அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் சொட்டுக்கும் தர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பையில் கண் அழுத்தச் சொட்டையும் வைத்துக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை.

அதுவரைக்கும் என்ன செய்வது? டிமோலால் மாதிரிச் சொட்டுகளை ஜிஹெச்சில் வாங்கிக்கொள்ளலாம். வீசிங் இருந்தால் டிமோலால் ஆகாது, டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். வெளியே வாங்க வேண்டியதை மக்கள் மருந்தகத்திலோ, 2025இல் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள், கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். புரை ஆபரேஷன் ஆனவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆயுஷ்மான் விதியில் வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்துதான் கணக்கு, சொட்டோ பெரும்பாலும் ஐந்தாறு வாரம் போட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே மீதிக்கு என்ன வழி என்று கேட்டுவிடுங்கள்.

குறைமாதக் குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். இதில் தாமதித்தால் குழந்தையின் பார்வை மொத்தமாகப் போய்விடக்கூடும்.

பெரியம்மா இப்போது மாதம் ஒரு முறை டவுன் பஸ்ஸில் ஜிஹெச்சுக்குப் போய்வருகிறார், பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. மருந்துப் பெயரை வாசிக்கத் தெரியாது என்பதால் காலி பாட்டிலை அதே பிளாஸ்டிக் கவருக்குள், காப்பீட்டு அட்டைக்கு மேலே வைத்துக்கொண்டு போகிறார். மருந்து கொடுக்கும் இடத்தில் அதை எடுத்துக் காட்டி, "இதேதானுங்க கண்ணு, மாத்திக் குடுத்துடாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வாங்குவாராம்.